ஒன்றும் செலுத்தப்படாத எலிக்குக் கட்டி எங்கிருந்து வந்தது? நோயெதிர்ப்பற்ற எலிகளும் உள்ளுறை ரெட்ரோவைரஸ்களும்

வெண்சுண்டெலி (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்தில் கண்டதை முதலில் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் பி6 எனப்படும் சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிகளில் ராக்1 மரபணு நீக்கப்பட்ட கூட்டம் ஒன்றை வளர்க்கிறோம். இவற்றுக்கு டி செல்களும் இல்லை, ஆன்டிபாடியை ஆக்கும் பி செல்களும் இல்லை. ஆகவே ஆன்டிபாடியும் இல்லை. தோல் புற்று செல்களைச் செலுத்தி, கட்டி வளரும் வேகத்தை அளப்பது எங்கள் சோதனை. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த எலிகளுக்கு எந்தச் செல்லும் செலுத்தப்படவில்லை. வெறும் உப்புக்கரைசல் மட்டுமே. அந்தக் குழுவில் பதினோரு மாத வயதுடைய எலி ஒன்று முதுகைக் கூனிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்கியிருந்தது, மூச்சு வாங்கியது.

அறுத்துப் பார்த்தபோது மார்புக்கூட்டின் மேற்பகுதி முழுவதையும் வெளிர்நிறத் திசு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. ராக்1 இல்லாத எலியின் மண்ணீரல் வழக்கமாகச் சுருங்கிய நாடாத் துண்டுபோல இருக்கும். இதன் மண்ணீரலோ வயிற்றின் இடப்பக்கத்திலிருந்து நடுவரை நீண்டு, கத்தி பட்டவுடன் பிதுங்கியது. மூத்தவர் ஒருவர், "வயதான நோயெதிர்ப்பற்ற எலிகளுக்குக் கட்டி வருவது வழக்கம்தான், கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்" என்றார். அடுத்த நாள் பக்கத்துக் கூண்டில் அதே குழுவைச் சேர்ந்த இன்னொன்று அதே நிலையில் கிடந்தது. இதுவும் வழக்கம்தானா? வழக்கம் என்றால் அதற்குக் காரணம் என்ன? உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் பற்றி எங்கோ படித்த நினைவு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

புரோவைரஸ்

தயவுசெய்து கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீங்கள் விவரித்த இதே வகை எலிகளில்தான் 2012இல் லண்டனின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் காசியோட்டிஸ், ஜொனாதன் ஸ்டோய் ஆகியோரின் குழுக்கள் முக்கியமான ஒன்றைக் கண்டறிந்தன. அந்த ஆய்வு நேச்சர் இதழில் வெளியானது.

எலியின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பழைய ரெட்ரோவைரஸ்களும் அவற்றின் உறவுக்கூறுகளும் விட்டுச்சென்ற தடமே. முன்னொரு காலத்தில் கருவணுக்களைத் தொற்றிய வைரஸ்கள், அங்கேயே டிஎன்ஏவில் பதிந்து, தலைமுறை தலைமுறையாகத் தாய் தந்தையிடமிருந்து குட்டிகளுக்கு இறங்கி வருகின்றன. இப்படி டிஎன்ஏவில் பதிந்த வடிவத்தைப் புரோவைரஸ் என்பார்கள். பெரும்பாலானவை சிதைந்துபோனவை. எலி லுக்கேமியா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த சில மட்டும் இன்னும் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன. பி6 எலியில் அப்படி எலிச் செல்லையே தொற்றக்கூடிய உறை கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எட்டாம் குரோமோசோமில் உள்ள ஈஎம்வி2. அதுவும் ஊனமுற்றது, வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை ஆக்கும் பகுதியில் உள்ள ஒற்றைப் பிறழ்வு அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. மற்ற உறவு வைரஸ்கள் சிலவற்றில் அந்த நொதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவற்றின் உறைப்புரதத்துக்கு இந்த எலிச் செல்களின் ஏற்பி பொருந்தாது. ஒன்றுக்குச் சாவி இருக்கிறது, வண்டி ஓடாது. இன்னொன்றுக்கு வண்டி ஓடும், சாவி இல்லை. அதனால்தான் பி6 எலியைத் தொற்றவல்ல வைரஸ் இல்லாத எலி என்று பல பத்தாண்டுகளாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இவை இரண்டும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டால், ஒரே வைரஸ் துகளுக்குள் இரண்டின் ஆர்என்ஏவும் அடைபட இடமுண்டு. அடுத்த செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏவாக மாறும்போது நொதி ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குத் தாவுகிறது; பிறழ்வுள்ள பகுதி விலகி, நல்ல பகுதி வந்து சேர்கிறது. இந்த மறுசேர்க்கையால் முழுத் தொற்றுத்திறன் கொண்ட வைரஸ் உயிர்த்தெழுகிறது. ஆன்டிபாடி உண்டாக்க முடியாத பல வகை எலிக் கூட்டங்களில் இது தானாகவே நிகழ்ந்ததையும், அப்படி எழுந்த வைரஸ் அந்தக் கூட்டத்திலேயே நிலைகொண்டு இறுதியில் நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்போமாவை உண்டாக்கியதையும் அவர்கள் காட்டினார்கள். எந்த நோயெதிர்ப்புக் குறைபாடு இருந்தாலும் இது நடந்துவிடும் என்றில்லை. ஆன்டிபாடி இல்லாமையே அவற்றுக்கு இடையிலான பொதுக்கூறு. ஆகவே நலமுள்ள எலியில் இந்த மறுசேர்க்கை முளைவிடும்போதெல்லாம் ஆன்டிபாடிகள் அதைக் கிள்ளி எறிகின்றன என்று கொள்ள வேண்டும். நம் டிஎன்ஏவுக்குள்ளிருந்தே கிளம்பும் எதிரிக்கு எதிராகவும் ஆன்டிபாடி காவல் நிற்கிறது என்ற அந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது நான் அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை.

நுண்ணோக்கி

நான் நோயியல் துறையில் பணிபுரிகிறேன். புரோவைரஸ் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "நோயெதிர்ப்பற்ற எலி" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு எலிகளை அடைத்துப் பேசுவது ஆபத்து என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஸ்கிட் எலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் மெல்வின் போஸ்மா குழுவினர் விவரித்த இந்த எலியில் டிஎன்ஏவின் ஈரிழை முறிவுகளை ஒட்டவைக்கும் புரதம் ஒன்று பழுதடைந்திருக்கிறது. நோயெதிர்ப்புச் செல்கள் தங்கள் ஏற்பி மரபணுக்களை வெட்டி ஒட்ட முடியாமல் போவதும் அதனால்தான். கதிர்வீச்சை உடல் தாங்காததும் அதனால்தான். இத்தகைய எலியின் தைமஸில், அதாவது டி செல்கள் முதிரும் மார்பு உறுப்பில், கட்டி வந்தால், ஒட்டாத முறிவுகள் காரணமா, வைரஸ் காரணமா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ராக்1 நீக்கப்பட்ட எலியில் வெட்டும் வேலையே தொடங்குவதில்லை. பழுதுபார்க்கும் புரதங்கள் முழுமையாக இருக்கின்றன. எனவே உங்கள் எலியில் அந்த விளக்கம் பொருந்தாது. இது உங்கள் கேள்வியைக் கூர்மையாக்குகிறது.

ஸ்கிட் பிறழ்வை என்ஓடி என்ற நீரிழிவு எலிக்கு மாற்றியபோது நிலைமை இன்னும் மோசமானது. என்ஓடி-ஸ்கிட் எலிகளுக்குத் தைமஸ் லிம்போமா மிக அதிகமாக வருகிறது. அவற்றின் ஆயுள் ஏறத்தாழ எட்டரை மாதங்களில் முடிவதற்கு அதுவே முதற்காரணம். என்ஓடி எலிக்கே உரிய ஈஎம்வி30 என்ற புரோவைரஸ் அந்தத் தைமஸில் விழித்துக்கொள்வது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னர் ஈஎம்வி30 இல்லாத என்ஓடி-ஸ்கிட் எலிகளை இனக்கலப்பால் உருவாக்கியபோது கட்டிகள் தள்ளிப்போயின.

இதற்கு மேலும், நோயெதிர்ப்புச் செல்களுக்கு வளர்ச்சிச் சமிக்ஞை தரும் ஐஎல்2 ஏற்பியின் காமா சங்கிலியை நீக்கினால் கிடைப்பதுதான் இன்று எங்கும் பயன்படும் என்எஸ்ஜி எலி. நோயெதிர்ப்பு இன்னும் குறைவு. கட்டி அதிகமாக வரவேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் லிம்போமா மிகவும் குறைந்து, எலி ஒன்றரை ஆண்டுக்கு மேலும் வாழ்கிறது. காமா சங்கிலி இல்லாவிட்டால் ஐஎல்7 சமிக்ஞை கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் தைமஸில் புற்றாக மாறவேண்டிய இளஞ்செல்களே பெருகுவதில்லை. விதை இருந்தும் நிலம் இல்லாத கதை இது. நோயெதிர்ப்புக் குறையக் குறையக் கட்டி கூடும் என்ற நேர்க்கோட்டு எண்ணத்தை இந்த ஓர் எடுத்துக்காட்டே முறித்துவிடுகிறது.

எதிர்வாதம்

எல்லோரும் வைரஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். என் ஐயத்தையும் கேளுங்கள்.

உள்ளுறை ரெட்ரோவைரஸ்களை அமைதியாக வைத்திருப்பது பெரிதும் டிஎன்ஏ மெத்திலேற்றம் என்ற வேதிக் குறியிடலும், டிரிம்28, செட்டிபி1 போன்ற புரதங்கள் டிஎன்ஏவை இறுக்கிச் சுற்றி அமைக்கும் குரோமாட்டினும்தான். புற்றுசெல்களில் இந்தக் கட்டுப்பாடு தளர்வது எல்லோரும் அறிந்தது. எனவே கட்டியில் வைரஸ் ஆர்என்ஏ மிகுந்து காணப்படுவது கட்டியின் விளைவாகவும் இருக்கலாம். வீடு எரிந்தபின் எலிகள் வெளியே ஓடுவதைப் பார்த்துவிட்டு, எலிகள்தான் தீ வைத்தன என்று முடிவு கட்டுவதா? உறைப்புரதம் செல்லின் மேல் தெரிகிறது, ஆர்என்ஏ கூடியிருக்கிறது என்ற இரண்டையும் மட்டும் வைத்துக் காரணம் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனதால் இதைச் சொல்கிறேன்.

புரோவைரஸ்

இந்த எதிர்ப்பு நியாயமானது. இதற்கு விடை சொல்லாமல் மேலே போகக்கூடாது.

ஆர்என்ஏ அளவு காரணத்தை நிறுவாது என்பதை ஏற்கிறேன். நிறுவுவது வேறொன்று: புதிதாகப் பதிந்த புரோவைரஸ். எலி பிறக்கும்போது இருந்த பதிவுகள் வாலிலும் ஈரலிலும் கட்டியிலும் ஒரே இடங்களில் இருக்கும். வைரஸ் உண்மையிலேயே செல்லுக்குச் செல் பரவியிருந்தால், கட்டியின் டிஎன்ஏவில் வால் டிஎன்ஏவில் இல்லாத கூடுதல் பதிவுகள் தெரியும். கட்டி ஒரே செல்லிலிருந்து கிளைத்ததாக இருந்து, அந்தக் கூடுதல் பதிவு கட்டியின் எல்லாச் செல்களிலும் ஒரே இடத்தில் இருந்தால், கட்டி தொடங்கும் முன்போ தொடங்கிய கணத்திலோ வைரஸ் அங்கே வந்துவிட்டது என்று பொருள். தீ பற்றிய பின் ஓடிவந்த எலி அத்தனை அறைகளிலும் ஒரே மூலையில் கால்தடம் விட முடியாது.

அந்த இடம் எதுவென்று பார்ப்பது அடுத்த படி. ரெட்ரோவைரஸின் இரு முனைகளிலும் உள்ள நீள்தொடர்கள் வலிமையான மரபணு முடுக்கிகள். செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் போன்ற மரபணுவின் அருகே ஒன்று பதிந்தால் அந்த மரபணு ஓயாமல் இயங்கத் தொடங்கும். வெவ்வேறு எலிகளில் தனித்தனியாக எழுந்த கட்டிகளில் ஒரே மரபணுவின் அருகே மீண்டும் மீண்டும் பதிவு காணப்படுவதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. வைரஸ் எங்கும் பதிகிறது, வளரும் வாய்ப்பைக் கொடுத்த பதிவு மட்டும் கட்டியாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. பிம்1 என்ற மரபணு இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மலோனி என்ற எலி வைரஸ் பதிந்த இடம் என்பதன் சுருக்கமே அதன் பெயர்.

மனிதரில் இதற்கு நேர்ச்சான்று கிடைத்தது பெரும் துயரத்தின் ஊடாக. பிறவியிலேயே காமா சங்கிலி பழுதடைந்த குழந்தைகளுக்கு, எலி லுக்கேமியா வைரஸிலிருந்து உருவாக்கிய ஊர்தியின் வழியாக நல்ல மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை பாரிஸிலும் லண்டனிலும் நடந்தது. நோயெதிர்ப்பு மீண்டது. ஆனால் இருபது குழந்தைகளில் ஐவருக்கு இரத்தப் புற்று வந்தது. பெரும்பாலானோரில் ஊர்தி எல்எம்ஓ2 என்ற மரபணுவின் அருகே பதிந்திருந்தது. ஊர்தி பெருகும் திறனற்றது. ஒருமுறை பதிந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் இது நடந்தது என்றால், ஆன்டிபாடி இல்லாத எலியில் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பெருகும் முழு வைரஸ் எத்தனை முறை பதியும் என்று எண்ணிப் பாருங்கள்.

வரலாற்றுச் சான்றும் உண்டு. ஏகேஆர் என்ற ஆய்வக இன எலிகள் பல தலைமுறைகளாகத் தைமஸ் லிம்போமாவால் இறந்தவை. அவற்றின் கட்டியிலிருந்து செல் நீக்கிய சாற்றை எடுத்துப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தி, நோய் தொற்றுவதை லுட்விக் கிராஸ் 1951இல் காட்டினார். ஏகேஆர் எலிக்கு ராக்1 இருக்கிறது, ஆன்டிபாடியும் உண்டாகும். ஆனால் அதன் மரபணுத்தொகுதியில் பழுதில்லாத புரோவைரஸ்கள் இருப்பதால் பிறந்தவுடனேயே வைரஸ் உடலெங்கும் நிறைந்துவிடுகிறது. அங்கும் நோயை முடித்துவைப்பது மறுசேர்க்கையால் பிறக்கும் வேறு உறை கொண்ட வைரஸ்தான் என்பது 1977இல் ஜேனட் ஹார்ட்லி, வாலஸ் ரோ குழுவினரால் தெரியவந்தது.

எதிர்வாதம்

பதிவிடங்களைக் கொண்டு தீர்மானிப்பதை ஏற்கிறேன். அப்படியானால் வெண்சுண்டெலி செய்யவேண்டியதும் அதுதான். வெறும் ஆர்என்ஏ அளவீட்டோடு நிற்கக்கூடாது.

கூண்டறை

இருபது ஆண்டுகளாக எலிக் கூட்டங்களைப் பராமரித்து வருகிறேன். மேலே பேசியவர்களைப் போல மூலக்கூறு அறிவு எனக்கில்லை. ஆனால் 2012ஆம் ஆண்டு ஆய்வில் புரோவைரஸ் குறிப்பிடாமல் விட்ட ஒரு பாதி எங்களைப் போன்றவர்களுக்கு உரியது. குடல் நுண்ணுயிர்கள் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்த வளர்ப்புச் சூழலில், அதே ஆன்டிபாடியற்ற எலிகளில் வைரஸ் எழவில்லை. குடலிலிருந்து கிளம்பும் பாக்டீரியாத் தூண்டல்கள் செல்களை விழிப்பூட்டும்போது கூடவே உறங்கும் புரோவைரஸும் படியெடுக்கப்படுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். சில கூண்டறைகளில் குடிநீரில் அமிலம் சேர்ப்போம், சிலவற்றில் சேர்ப்பதில்லை. சில இடங்களில் தீவனத்தைக் கதிர்வீச்சால் தூய்மை செய்வோம். சில இடங்களில் நீராவியால். ஒரே வகை எலி, ஒரே மரபணு நீக்கம், ஆனால் ஓரிடத்தில் கட்டி வரும், மற்றோரிடத்தில் வராது. இரண்டு ஆய்வகங்களும் தத்தம் முடிவுதான் சரி என்று வாதிட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் புட்டியில் என்ன இருந்தது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. "எங்கள் எலிகள் சுகாதாரச் சோதனையில் தேறியவை" என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அதை இதற்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள். வழக்கமான சோதனை வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தேடுகிறது. உள்ளுறை வைரஸின் டிஎன்ஏ எல்லா எலிகளிலும் எப்போதும் இருப்பதால், டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சாதாரண பிசிஆரில் நலமுள்ள எலியும் "உண்டு" என்றுதான் காட்டும். அறையில் கிருமி உண்டா என்று அறியக் கூடவே வளர்க்கும் காவல் எலிகளை வைத்துப் பார்க்கும் முறையிலும் அவற்றின் ஆன்டிபாடியைத்தான் அளக்கிறோம்; பட்டியலில் இல்லாத வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியை யாரும் அளப்பதில்லை.

செல்வளர்ப்பு

வேறு கோணத்திலிருந்து ஒரு செய்தி. மனிதக் கட்டிகளை நோயெதிர்ப்பற்ற எலிகளில் ஒட்டி வளர்ப்பவர்கள் எக்ஸ்எம்ஆர்வி கதையை மறக்கக்கூடாது. 2006இல் மனிதரின் புராஸ்டேட் புற்றில் புதிய ரெட்ரோவைரஸ் இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. 2009இல் நாட்பட்ட சோர்வு நோயாளிகளின் இரத்தத்தில் அது இருப்பதாக மற்றோர் ஆய்வு சொன்னது. ஆண்டுக்கணக்கில் சோர்வோடு போராடியவர்களுக்குக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. சிலர் எச்ஐவி மருந்துகளைக்கூட உட்கொண்டார்கள்.

2011இல் வினய் பதக், ஜான் காஃபின் உள்ளிட்டோர் அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்தார்கள். சிடபிள்யூஆர்22 என்ற மனிதப் புராஸ்டேட் கட்டியை 1990களில் எலிகளில் மாற்றி மாற்றி ஒட்டி வளர்த்திருந்தார்கள். தொடக்ககால மாதிரிகளில் அந்த வைரஸ் இல்லை, பிற்காலத்தவற்றில் இருந்தது. தைமஸ் இல்லாத நியூட் எலிகளின் மரபணுத்தொகுதியில் இருந்த இரண்டு புரோவைரஸ்கள், தனித்தனியே பயனற்றவை, ஒன்றுகூடி எக்ஸ்எம்ஆர்வி ஆகியிருந்தன. 1993க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் அது நடந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். எலிச் செல்லைத் தொற்ற முடியாத உறைக்கு, பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருந்த மனிதச் செல் கதவைத் திறந்துவிட்டது. 2009ஆம் ஆண்டுக் கட்டுரை 2011இலும், 2006ஆம் ஆண்டுக் கட்டுரை 2012இலும் திரும்பப் பெறப்பட்டன. நம்பியிருந்த நோயாளிகள் அடைந்த ஏமாற்றத்தை எந்தத் திருத்தக் குறிப்பாலும் திரும்பப் பெற முடியவில்லை.

எனவே எலியில் வளர்த்தெடுத்த எந்த மனித செல்வரிசையையும் எலி வைரஸுக்குச் சோதிக்காமல் நான் உறைபெட்டிக்குள் வைப்பதில்லை.

நுண்ணோக்கி

வெண்சுண்டெலியின் சோதனையைப் பற்றி யாரும் இன்னும் தொடாத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். நீங்கள் செலுத்துவது பி16 என்ற எலித் தோல் புற்று செல்கள் என்றால், அவையே உள்ளுறை ரெட்ரோவைரஸின் உறைப்புரதத்தைத் தாராளமாக வெளிப்படுத்துபவை. பெருங்குடல் புற்று மாதிரியான சிடி26இலும் டி செல்கள் முதன்மையாக அடையாளம் காண்பது அத்தகைய உறைப்புரதத்தின் துண்டு ஒன்றைத்தான். நலமுள்ள எலியில் கட்டி மெதுவாக வளர்ந்து, ராக்1 இல்லாத எலியில் வேகமாக வளர்ந்தால், அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு வைரஸ் புரதத்துக்கு எதிரான நோயெதிர்ப்பாக இருக்கக்கூடும். இப்போதோ ஏற்கும் எலிக்குள்ளும் தானாக எழுந்த வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அளந்தது எதை?

ஆன்டிபாடி மட்டுமே முழுக் கதை என்றும் நினைக்க வேண்டாம். அதே 2012இல், டிஎல்ஆர்7 என்ற உணரும் ஏற்பி இல்லாத எலிகளின் இரத்தத்தில் உள்ளுறை வைரஸ் பெருகுவதும், டிஎல்ஆர்3, 7, 9 மூன்றும் இல்லாதபோது டி செல் இரத்தப் புற்று வருவதும் வேறொரு குழுவால் காட்டப்பட்டது. வைரஸின் ஆர்என்ஏவை உணரும் ஏற்பி இல்லாவிட்டால் அதற்கெதிரான ஆன்டிபாடியும் சரியாக எழுவதில்லை. இரு பாதைகளும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

வெண்சுண்டெலி

எல்லோருக்கும் நன்றி. செலுத்தியது பி16 செல்களைத்தான். நுண்ணோக்கி அவர்களின் கேள்வி இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

இதுவரை செய்ததைச் சொல்கிறேன். இறந்த இரண்டு எலிகளின் மண்ணீரலையும், அதே வயதுடைய நலமுள்ள பி6 எலியின் மண்ணீரலையும், நோய்க்குறி எதுவும் இல்லாத ஆறு மாத வயதுடைய ராக்1 எலிகள் மூன்றின் மண்ணீரல்களையும் எடுத்தோம். டிஎன்ஏவால் ஏமாறாதிருக்க, உறைப்புரதத்துக்காக வெட்டி ஒட்டப்பட்ட ஆர்என்ஏவை மட்டும் பெருக்கும் பிசிஆர் செய்தோம். நலமுள்ள எலியின் தடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் இல்லை. இறந்த இரண்டிலும் பட்டை தடித்து ஒளிர்ந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, நோய்க்குறி இல்லாத மூன்றில் இரண்டிலும் அதே பட்டை தெரிந்தது. எதிர்வாதம் அவர்கள் கேட்டதற்கு இது முழு விடையாகாது. ஆனால் அந்த எலிகளில் கட்டி எதுவும் இல்லாததால், வீடு எரியும் முன்பே எலிகள் வெளியே வந்துவிட்டன என்றாவது சொல்லலாம் அல்லவா?

கட்டி, வால் ஆகிய இரண்டின் டிஎன்ஏவும் பதிவிட ஆய்வுக்காகக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. கூண்டறை அவர்கள் சொன்னபடி பதிவேடுகளைப் புரட்டினேன். குடிநீரில் அமிலம் சேர்ப்பது பதினான்கு மாதங்களுக்கு முன் நிறுத்தப்பட்டிருக்கிறது, காரணம் எழுதப்படவில்லை. அதற்கு முன் சேமித்த ராக்1 எலிகளின் மண்ணீரல் துண்டுகள் சில உறைநிலையில் இருக்கின்றன. அவற்றிலும் இதே பிசிஆரைச் செய்யப்போகிறேன்.

கூண்டறை

பழைய துண்டுகளைச் சோதிக்கும்போது அவை எந்த அடுக்கில் எந்தக் கூண்டிலிருந்து வந்தவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தாய்வழியில் மட்டும் பட்டை தெரிந்தால் அது ஒருமுறை எழுந்து பரவிய வைரஸ்; தொடர்பில்லாத கூண்டுகளில் தனித்தனியே தெரிந்தால் பலமுறை எழுந்தது. இரண்டுக்கும் நாம் செய்யவேண்டிய வேலை வேறு. அதுவரை அந்த அறையிலிருந்து எந்த எலியையும் வெளியே அனுப்பாதீர்கள்.

வெண்சுண்டெலி

இன்று காலையே அறைக்கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். ஒப்பீட்டுக் குழுவின் அந்த இரண்டு எலிகளும் கணக்கில் இருக்கின்றன.